எட்டில் செவ்வாய்

றொக்கெற் எங்களுடையது இல்லை.
ஆயிரம் லீற்றர் கறுப்புத் தண்ணித்தாங்கி,
ஓர் இரவுக்கென்று அருமைலிங்கத்தாரிடம் கேட்டு வாங்கியது.
மூடியில் ரெஜிபோம் கூம்பு.
வயிற்றில் வெள்ளைப் பெயின்றால் "ஏழாலை - 1",
இரண்டாவதும் விடப்போகிறவர்கள் போல.

எழுதியவர் நேசராசா, மோட்டச்சைக்கிள் திருத்துபவர்.
பதின்மூன்று பக்கம், பக்கத்துக்கொரு கிறீஸ் விரல்.
கதை இவ்வளவுதான்:
மாப்பிள்ளைக்கு வயது முப்பத்தெட்டு, எட்டில் செவ்வாய்,
பதினொரு சாதகம் பொருந்தாமல் திரும்பிவிட்டது.
பொறுக்கமாட்டாமல் அவர்
நேரே செவ்வாய்க்கே போய்
"உனக்கும் எனக்கும் என்ன எல்லை வழக்கு?"
என்று கேட்கப் புறப்படுகிறார்.
அப்படியே அங்கே தண்ணீர் இருக்கிறதா என்றும்
பார்த்துவர அரசாங்கம் படிக்காசு கொடுக்கிறது.

மாப்பிள்ளையாகத் தவனேசன், மின்சாரசபையில் மீற்றர் வாசிப்பவர்.
தாயாக யசோதினி ரீச்சர்,
மகனைவிட ஐந்து வயது இளையவர், தலை முழுக்கப் பவுடர்.
செவ்வாய்வாசி, சலூன் கோபிதன்.
கட்டுப்பாட்டு நிலையம் நான்.
சங்கக்கடையில் காசு எண்ணுகிறவள், கீழ்நோக்கி எண்ணவும்
பிழைக்கமாட்டாள் என்று பிடித்தார்கள்.
ஒரு மேசை, ஒரு மைக், என் கல்குலேற்றர்.

(எனக்கு ஏழில். அது பிரதியில் இல்லை.)

வாசிகசாலை முற்றம் கொள்ளாத சனம்.
தாய் பொதி கட்டினா: இடியப்பம், சம்பல், போத்தலில் சொதி.
"அங்கை பாரமில்லையாம், சொதி பறக்கும்,
வாயைத் திறந்துகொண்டு பின்னாலை போ மோனை.
பி.ஆர். கிடைச்ச கையோடை என்னையும் கூப்பிடு."
கனடாவிலிருந்து லீவில் வந்த ஒருவரைத் தவிர
எல்லோரும் சிரித்தார்கள்.
தவனேசன் ஹெல்மெற்றோடு தாங்கிக்குள் இறங்கினார்.
மூடி விழுந்தது.
பத்து. ஒன்பது. எட்டு.

எட்டில்,
பின்வரிசையில் அருமைலிங்கத்தார் எழும்பினார்.
"நிப்பாட்டுங்கோ! பவுசர் வந்திட்டுது.
ஒழுங்கை முகப்பிலை நிக்கிறான். தாங்கியைத் தாங்கோ."
சனம் விசிலடித்தது.
சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு அவர் மேடையேற,
இவ்வளவு நாள் எங்கே ஒளித்து வைத்திருந்தீர்கள் இந்த நடிகனை
என்று யாரோ கத்தினார்கள்.
"கிணத்திலை எண்ணெய் மிதக்குது,
நாளைக்கு உலையிலை என்னத்தை வைக்கிறது?"
அதற்கும் சிரித்தார்கள்.
பிறகு முன்வரிசையில் ஒருத்திக்கு
வாசலில் கவிழ்த்து வைத்த தன் வாளி ஞாபகம் வந்தது.
அவளோடு பாதி முற்றம் எழும்பிப் போனது.

பிள்ளைகள் இருவர் தாங்கியைச் சரித்து உருட்டி
லான்ட்மாஸ்ரர் பெட்டியில் ஏற்றினார்கள்.
உள்ளே தட்டுகிற சத்தம்.
எஞ்சின் அதைவிடச் சத்தம்.
மூன்று நாள் சாம்பிராணி எரித்தும் நேசராசாவுக்கு வராத புகை
அப்போது வந்தது, கன்னங்கரேலென்று.

திரைக்குப் பின்னால் அவர் கையைக் கையை ஆட்டினார்: கதை, கதை!
கதைத்தேன்.
"ஏழாலை ஒன்று புறப்பட்டுவிட்டது.
வைரவர் கோயில் வளைவைக் கடக்கிறது.
வேகம் மணிக்குப் பன்னிரண்டு கிலோமீற்றர்.
இரண்டு நாய்கள் பின்தொடர்கின்றன.
வீரர் சுகமாயிருக்கிறார் என்று நம்புகிறோம்."
வரவேற்க ஆளில்லாமல் செவ்வாய்வாசி
மேடை விளிம்பில் குந்தி மிக்சர் தின்றான்.

பத்தேகாலுக்குத் திரும்பி வந்தார், நடந்து.
இடுப்புவரை ஈரம்.
மூடி திறந்ததும் முதலில் இறங்கியது குழாயாம்,
பிறகுதான் இவர் குரல் ஏறியதாம்.
இரண்டு கையாலும் ஏந்திய ஹெல்மெற்றில்
விளிம்புமுட்டத் தண்ணீர்.
பிரதியில் உள்ளபடி கேட்டேன்:
"செவ்வாயில் தண்ணீர் உண்டோ?"
"இருக்கு. குடும்பத்துக்கு நூறு லீற்றர்.
காட் கொண்டு போகவேணும்."

அடுத்த வசனம் தாயினுடையது.
அவ பவுசரடியில் வரிசையில் நிற்கிறா.
ஹெல்மெற்றை என் மேசையில்,
கல்குலேற்றர் நனையாமல் தள்ளி வைத்துவிட்டு
அவர் அப்படியே நின்றார்.
யாரும் ஒன்றும் சொல்லவில்லை.
மைக் இன்னும் வேலை செய்தது.

ஏழு, என்றேன்.